விதைச் சாபம் நீக்கிய சாமி

எண்பத்து நான்காம் ஆண்டில், முழுதாக நான்கு மாதம், எங்கள் ஊர் குனோங் ராபாட்டில் தமிழன் எவனும் வடை தின்னவில்லை.

நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். சாவு வீட்டுப் பதினாறாம் நாளில்கூட, அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னும் ரெண்டு வை" என்று இலையை நகர்த்துகிற கூட்டம் எங்கள் கூட்டம். அந்தக் கூட்டத்தை வடைச் சட்டிப் பக்கம் தலைகாட்ட விடாமல் செய்தார் ஒருவர். டாக்டர் சொல்லி நடக்காதது அவர் சொல்லி நடந்தது. டாக்டர் காவி கட்டாமல் வெறும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சனி, ஞாயிறு என்றால் காலை ஏழு மணிக்கே சுண்ணாம்பு மலை அடிவாரச் சந்தில் வரிசை நின்றுவிடும். பத்து காஜா என்கிற ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். லகாட்டிலிருந்து லாரியின் பின்னால் நின்றுகொண்டு வருவார்கள். எல்லார் தோளிலும் ஆளுக்கொரு துண்டு. சந்து முனையில் மளிகைக் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பாஷையில் தவுக்கே, என்னைக் கூப்பிட்டு, இத்தனை பேர் எந்த ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள் என்று கேட்டார்.

"ஆறு இல்ல தவுக்கே, பேசன். பேசன்ல கால வச்சா ஒடம்புல இருக்கற கெட்ட எண்ணெய் எல்லாம் வெளிய வந்துரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. அறிவுள்ள மனிதர், எப்படிப் புரியும்?

சாமியின் முழுப்பெயர் ஸ்ரீலஸ்ரீ தைலானந்த சுவாமிகள். நாங்கள் சுருக்கமாக எண்ணெய்ச் சாமி என்போம். வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. முன்கூடத்தில் ஒரு புலித்தோல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் துணி. அதன் மேல் அவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"விதை என்றால் என்ன? பூமித்தாயின் வயிற்றுப் பிள்ளை. அதை முளைக்க விடாமல் நசுக்கி, பிழிந்து, எண்ணெய் எடுத்து, அதில் முறுக்கு சுட்டுத் தின்கிறாய். அந்தப் பிள்ளை சும்மா இருக்குமா? சாபம் விடாதா? அந்தச் சாபம்தான் உன் ரத்தத்தில் எண்ணெயாக ஓடுகிறது. அதுதான் ரத்தக் கொதிப்பு. அதுதான் இனிப்பு நீர். அதுதான் உன் மகளுக்கு வரன் தள்ளிப் போவது!"

வரன் என்றதும் பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பும்.

இதோடு விட்டாரா? பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதில் ஆங்கிலப் பத்திரிகைத் துண்டுகள். அந்தக் காலத்தில் எண்ணெயைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. நம்முடைய செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், நெஞ்சுக்கு ஆகாது என்று வெளிநாட்டில் சிலர் எழுதினார்கள். உங்கள் சோயா எண்ணெயும் சோள எண்ணெயும்தான் ஆகாது என்று இங்கே சிலர் திருப்பி எழுதினார்கள். சாமி இரண்டு பக்கத்தையும் வெட்டி ஒரே கோப்பில் ஒட்டி வைத்திருந்தார். "விஞ்ஞானிகளே ஒத்துக்கொண்டார்கள்" என்று கோப்பைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் கையெடுத்துக் கும்பிடுவோம். படிக்கத் தெரியாத கோப்பைக் கும்பிடுவது எங்களுக்குப் பழக்கம்தான். தோட்டத்தில் துரை காட்டிய காகிதத்தில் எல்லாம் கைநாட்டு வைத்து வளர்ந்தவர்கள் அல்லவா!

ஒரு நாள் யாரோ ஒரு மனிதர் பின்வரிசையிலிருந்து, "சாமி, எள்ளும் விதைதானே, நீங்க நல்லெண்ணெய் விக்கிறீங்களே?" என்று கேட்டுவிட்டார்.

"எள் பெருமாளின் வியர்வையில் பிறந்தது, மகனே. அதற்குச் சாபம் கிடையாது."

பெருமாளின் வியர்வை சின்னப் பாட்டிலில் அடைத்து வாசலிலேயே கிடைத்தது.

இனி வைத்தியம். ஒரு வெள்ளைப் பேசனில் வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணீர். அதற்குள் சாமி ஒரு எலுமிச்சம்பழத்தைப் போடுவார். தட்டில் அடுக்கி, குங்குமம் வைத்து, மந்திரித்த பழம். நாம் காலை உள்ளே விட்டுக் குதிகாலால் பழத்தை மிதித்து நசுக்க வேண்டும். சாமி கண்ணை மூடி மந்திரம் சொல்லுவார். கண்ணைத் திறந்து பார்த்தால் தண்ணீர் மேலே வட்ட வட்டமாக எண்ணெய் மிதக்கும். கறுப்பும் பழுப்புமாக, பார்த்தாலே குமட்டும். ஒரு காலுக்குக் கட்டணம் பத்து வெள்ளி.

பழத்தில் ஏதாவது இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்கள் எதையும் சந்தேகப்படுவார்கள். மருமகளைச் சந்தேகப்படுவார்கள், மாத்திரையைச் சந்தேகப்படுவார்கள், மளிகைக் கடைத் தராசைச் சந்தேகப்படுவார்கள். எலுமிச்சம்பழத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள். புது மோட்டார் வாங்கினால் சக்கரத்தடியில் வைக்கிற பழம், முனியாண்டி சூலத்தில் குத்துகிற பழம். அது போய்ப் பொய் சொல்லுமா?

இவ்வளவு கிண்டலாகச் சொல்கிறேனே, நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். வரிசையில் இருந்தேன். முதல் பத்துப் பேருக்குள் இருந்தேன்.

என் பெயர் ராமையா. கல்மலையில் கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். பத்து காஜா பக்கம் ரப்பரும் செம்பனையும் இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்து, துரை அதை விற்றபோது பெண்டாட்டியோடு இங்கே வந்தவன். பெண்டாட்டி பெயர் ராக்காயி. அவளுக்கு ஆறு வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே பத்து காஜா ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கார்டு. மாதம் ஒரு தடவை போய் மாத்திரை வாங்கி வருவாள். அந்த வருடம் தைப்பூசத்துக்குச் செருப்பில்லாமல் கல்லுமலைக் கோயிலுக்கு நடந்ததில் வலது கால் சுண்டு விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை.

"சாமிகிட்ட கூட்டிட்டுப் போறேன் வா" என்று சொன்னவன் நான்தான். அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தாள். இதை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

முதல் தடவை அவள் காலை வைத்தபோது பேசன் நிறைய எண்ணெய். சாமி அதைக் கூர்ந்து பார்த்தார். "தாயே, போன தீபாவளிக்கு முறுக்கு சுட்டாய்."

ராக்காயி வாயைப் பிளந்தாள். "ஆமா சாமி!"

"அதிரசமும் சுட்டாய்."

"ஆமா சாமி!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழ் வீட்டில் தீபாவளிக்கு முறுக்கு சுட்டது எப்படி இவருக்குத் தெரிந்தது! ஞானக் கண் இல்லாமல் முடியுமா!

"ஒன்பது தடவை வர வேண்டும். அதுவரை இங்கிலீஷ் மாத்திரை தொடக் கூடாது. மாத்திரை உள்ளே போனால் சாபத்தை அங்கேயே பூட்டிவிடும். எண்ணெய் இறங்காது."

வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பொட்டலத்தைப் பின்வாசல் லொங்காங்கில் கொட்டினேன். கால்வாய்த் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்து போயின. ஏதோ பெரிய காரியம் செய்தவனாட்டம் கையைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தாளிப்பு கிடையாது. ரசம் கழுவிய தண்ணீராக இருந்தது. எதிர் வரிசையில் வடை சுட்டு விற்ற நல்லம்மாளக்கா முன்பே சட்டியைக் கவிழ்த்துவிட்டு, சாமி வீட்டு வாசலிலேயே ஒரு மேசை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்க ஆரம்பித்திருந்தாள். "சாபம் விக்கறத விட சாறு விக்கறது மேல்லா" என்றாள். வியாபாரம் அமோகம். நான் மட்டும் ஏழு சனிக்கிழமை ராக்காயியைத் தாங்கிப் பிடித்து அந்தப் பேசனுக்கு அழைத்துப் போனேன். ஏழு தடவையும் எண்ணெய் வந்தது. புண்ணும் ஆழமாகிக்கொண்டே வந்தது.

"வலிக்குதா?" என்று கேட்பேன்.

"இல்லைங்க. மொத மாதிரி வலியே இல்ல. சாமி மகிமை."

விரல் கறுத்துக்கொண்டு வந்தது. கெட்ட எண்ணெய் எல்லாம் விரல் நுனிக்கு இறங்குகிறது என்றார் சாமி. எனக்கு அது நியாயமாகப் பட்டது. கெட்டது கறுப்பாகத்தானே இருக்கும்!

எட்டாவது சனிக்கிழமை காலை என் மச்சான் உடையப்பன் வந்தான். ராக்காயியின் தம்பி. பத்து காஜாவில் ஒரு மர ஆலையில் ஜாகா வேலை, வாட்ச்மேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். செம்பனைத் தோட்டத்தில் பத்து வருடம் குலை வெட்டியவன். அவனுக்கும் இனிப்பு நீர் உண்டு. அவன் அலட்சியமாக விட்டதில், ஐந்து வருடத்துக்கு முன்பு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இப்போது மரக்கால். நீளக் கால்சட்டையும் சப்பாத்தும் போட்டு நடந்தால் லேசாகச் சாய்ந்து நடக்கிறான் என்று தோன்றும், அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரியில நர்ஸ், மிஸ்ஸி ஆலிஸ் கேட்டாங்க. ரெண்டு மாசமா ஒங்க அக்கா ஏன் மருந்து வாங்க வரலன்னு" என்றான். "என்னாச்சு அக்கா?"

அவள் காலைக் காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள்.

அவன் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தான். பிறகு சுண்டு விரலை அழுத்திக் கிள்ளினான். "வலிக்குதா?"

"இல்லடா."

"எனக்கும் வலிக்கல அக்கா. வெட்டறதுக்கு மொத நாள் வரைக்கும் வலிக்கல." அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்பவே கிளம்பு. ஆஸ்பத்திரி போலாம்."

"இன்னும் ரெண்டு தடவைதான்டா பாக்கி. பாதியில விட்டா சாபம் திரும்பி ஏறிடும்னு சாமி சொல்லியிருக்காரு."

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களுமா?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் கறுத்துப்போன விரலுக்கு என்ன செய்வது என்று எழுதியிருக்கவில்லை.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்சம் யோசித்தான். "சரி, போலாம். சாமிகிட்டயே போலாம். நானும் கால் வைக்கிறேன். அவரு சொல்றது சரின்னா நான் வாய மூடிக்கறேன். தப்புன்னு ஒனக்கே பட்டா, அங்கிருந்து நேரா ஆஸ்பத்திரி. சம்மதமா?"

"சாமி தப்பாவாரா? சம்மதம்" என்றாள் ராக்காயி.

கூடம் நிறையக் கூட்டம். உடையப்பன் முதலில் ஒரு கேள்வி கேட்டான். நான் பயந்தேன்.

"சாமி, நான் பத்து வருசம் செம்பனைக் குலை வெட்டினவன். பாமாயில் விதையிலேர்ந்து வரலயே. பழத்தோட சதையிலேர்ந்துதானே வருது? அப்புறம் அதுல எப்படி விதைச் சாபம்?"

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பழம் பொறுக்கியவர்கள். சிவந்த சதையை விரலால் நசுக்கி எண்ணெய் பார்த்தவர்கள். நானும்தான். அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. நாலு மாதமாக ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

சாமி புன்னகைத்தார். "மகனே, சதைக்குள்ளேதானே விதை இருக்கிறது? வயிற்றில் இருக்கிற பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்காதா?"

"அடடா!" என்றது கூட்டம். தாய், பிள்ளை என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் எங்களிடம் எதையும் விற்றுவிடலாம்.

"புரிஞ்சிருச்சு சாமி. எனக்கும் எண்ணெய எடுத்து விடுங்க" என்று உட்கார்ந்தான் உடையப்பன். இடது சப்பாத்தை மட்டும் கழற்றினான். "காலுறை இருக்கட்டும் சாமி. கால்ல சொறி. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்."

சொறி என்றதும் சாமி புலித்தோலோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். சாபத்துக்குத் துணி தடையில்லை."

பழம் விழுந்தது. உடையப்பன் மிதித்தான். மந்திரம் ஓடியது. தண்ணீர் மேலே கறுப்பு வட்டங்கள் கிளம்பி வந்தன. இதுவரை நான் பார்த்த கால்களிலேயே அதிகம் எண்ணெய் வந்தது அந்தக் காலில்தான்.

"அப்பப்பா!" சாமி தலையில் கை வைத்தார். "முப்பது வருடத்துப் பாவம்! இந்தக் கால் குடித்திருக்கிற எண்ணெயைப் பார்! ரத்தம் ஓட முடியாமல் தவித்திருக்கிறது. இப்போது ஓடுகிறது. சூடு தெரிகிறதா மகனே?"

"லேசா தெரியுது சாமி."

"விரல் நுனியில் குறுகுறு என்கிறதா?"

"அஞ்சு விரல்லயும் சாமி."

"பார்த்தீர்களா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். கூட்டம் கும்பிட்டது.

உடையப்பன் கால்சட்டையைத் தொடை வரைக்கும் சுருட்டினான். தோல்வாரை அவிழ்த்தான். காலைக் கழற்றினான். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை எடுத்துச் சாமியின் மடியில் வைத்தான்.

"மெராந்தி மரம் சாமி. பாதம் மட்டும் ரப்பர். எந்தத் தோட்டத்து ரப்பர்னு எனக்குத் தெரியல. இதுக்கு யாரு முறுக்கு சுட்டுக் குடுத்தாங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

பின்வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமி ஒரு நிமிடம் மடியில் இருந்த காலைப் பார்த்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து நின்றார்.

"மரமும் விதையிலிருந்து வந்ததுதானே! மரத்துக்குள்ளே இருந்த சாபமே என் முன்னால் நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டது. மனிதனுக்கு மட்டுமில்லை, மரத்துக்கும் நான் வைத்தியன்!"

நான் என்ன சொல்ல! கூட்டம் கை தட்டியது. மரக்காலுக்கே எண்ணெய் எடுத்த மகான் என்று முன்னால் இருந்த ஒருவர் விழுந்து கும்பிட்டார். மரக்கால் மடியில் கிடக்கும்போதே விழுந்தார். அறிவு என்பது பல்லைப் போல என்று நினைத்திருந்தேன், எல்லாருக்கும் தானாக முளைக்கும் என்று. அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

உடையப்பன் ஒற்றைக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப் போயிருந்தது. அவன் பார்த்தது சாமியை இல்லை. அக்காவை.

ராக்காயி கை தட்டவில்லை. மரக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"சாமி, இன்னிக்கு எட்டாவது தடவை. நான் கால் வைக்கிறேன். ஆனா பழம் என்னுது." வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "நல்லம்மாளக்கா, ஜூஸ் போட வச்சிருக்கற பழத்துல ஒன்னு தாங்க."

"கண்ட பழத்தில் சாபம் இறங்காது தாயே. மந்திரிக்காத பழம்."

"மந்திரிச்சுக் குடுங்க சாமி. இங்கேயே. எங்க கண்ணு முன்னால."

சாமிக்கு வேறு வழியில்லை. குங்குமம் வைத்தார். மந்திரம் சொன்னார். வழக்கத்தைவிட நீளமாகவே சொன்னார். பேசனைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றச் சொன்னாள் ராக்காயி. நானே கழுவி ஊற்றினேன். அவள் குதிகாலால் பழத்தை மிதித்தாள். விதையும் சாறும் மேலே வந்தன. எல்லாரும் குனிந்து பார்த்தோம். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை.

சாமி இரண்டு கையையும் மேலே தூக்கினார். "வெற்றி! எண்ணெய் முழுதும் தீர்ந்துவிட்டது! எட்டாவது தடவையிலேயே இந்தத் தாய்க்குப் பூரண குணம்!"

"அரோகரா!" என்றது கூட்டம். என் வாயிலிருந்தும் பாதி வந்துவிட்டது. மீதியை விழுங்கினேன்.

ராக்காயி காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். எல்லாரும் பார்க்கிறபடி புலித்தோல் மேலேயே வைத்தாள். கறுத்த விரல். ஓரத்தில் சீழ். நாற்றம் முன்வரிசை வரைக்கும் அடித்தது.

"குணமாயிருச்சுன்னா, இது என்னாது சாமி?"

அரோகரா நின்றுவிட்டது. சாமி கொல்லைப்புறக் கதவைப் பார்த்தார்.

அவள் அவருடைய தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். மேசையில் இருந்த கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் இருந்தது. அதற்கு மேலே பழத்தைப் பிடித்து இரண்டு கையாலும் பிழிந்தாள். காலும் இல்லை, கட்டையும் இல்லை. கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று இறங்கி, தண்ணீர் மேலே வட்டமாக நின்றது.

நல்லம்மாளக்கா வாசலிலிருந்து உள்ளே வந்தாள். கிளாஸை எடுத்து மோந்து பார்த்தாள். "பதினஞ்சு வருசம் வடை சுட்ட மூக்கு இது. சுட்டுச் சுட்டுக் கறுத்துப் போன எண்ணெய்லா இது! எவன்டா என் சட்டியக் கவுக்க வச்சவன்?"

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை முழுதாக நான் பார்க்கவில்லை. கொல்லைப்புறக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, காவி வேட்டி லொங்காங்கைத் தாண்டிய சத்தமும் கேட்டது. தாண்டினாரா விழுந்தாரா என்பதில் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி. அடுக்களையில் சமையல் எண்ணெய் டின் பன்னிரண்டு, ஊசி போடுகிற சிரிஞ்சு மூன்று, ஒரு கூடை எலுமிச்சம்பழம் இருந்ததாம். பெருமாளின் வியர்வையும் அதே டின்னிலிருந்துதான் பாட்டிலுக்குப் போனதாம். அலமாரியில் ஒரு படம். எண்ணெய் டின் அடுக்கிய வேன் பக்கத்தில் கால்சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார் சாமி. படத்துக்குப் பின்னால் பெயர் எழுதியிருந்தது: ஜெயபாலன், விற்பனையாளர். தொழிலை விட்டுவிடவில்லை மனிதர், விற்கிற விதத்தைத்தான் மாற்றியிருக்கிறார்.

எனக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. உடையப்பன் காலை மாட்டிக்கொண்டான். ராக்காயியை லாரியில் தூக்கி வைத்தோம். பத்து காஜா போகிற வரைக்கும் அவள் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் பிழைத்தது.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா தம்பிக்கு ஜோடியா இவங்களும் மரக்கால் போட்டிருப்பாங்க, அண்ணே" என்றாள் மிஸ்ஸி ஆலிஸ். கட்டுப் பிரித்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். நான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மிஸ்ஸி, அந்த ஆள் ஏமாத்துக்காரன், சரி. ஆனா பேப்பர்ல எல்லாம் எழுதறாங்களே. நெசமா எந்த எண்ணெய்தான் கெட்டது?"

அவள் கையை நிறுத்தினாள். "அதுல படிச்சவங்களே இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, அண்ணே. எனக்குத் தெரியாது. பலகாரத்தக் கொறைச்சு சாப்பிடுங்க, சுட்ட எண்ணெயத் திரும்பத் திரும்ப சுடாதீங்க, அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். ஆனா இனிப்பு நீருக்கு மாத்திரை வேணும்கறதுல எந்தச் சண்டையும் இல்ல. சண்டையில இருக்கற ஒன்னக் காட்டி, சண்டையே இல்லாத ஒன்ன நிறுத்தச் சொன்னான் பாருங்க, அவன அங்கேயே புடிச்சிருக்கணும் நீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாம் வகுப்பு படித்தவனுக்கும் புரிகிற கணக்குத்தான் இது. அன்றைக்கு லொங்காங் ஓரத்தில் நின்றபோது எனக்குப் புரியவில்லை.

இப்போது ராக்காயி வீட்டில் இருக்கிறாள். மெதுவாக நடக்கிறாள். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், அவள் வாயில் போட்டு விழுங்குகிறவரைக்கும் நின்று பார்க்கிறேன். நல்லம்மாளக்கா மறுபடியும் சட்டியை ஏற்றிவிட்டாள், புது எண்ணெயில். பார்க்க வருகிறவர்களுக்கு அவள் வடையைத்தான் வைக்கிறோம். தின்றுகொண்டே பேசுவார்கள். பழம்தான் போலி, சாமி நல்ல மனுஷன் என்று போன வாரம் ஒருவர் சொன்னார். இன்னொருவர், இவர் கிடக்கிறார், தெலுக் இந்தானில் நெய் எடுக்கிற சாமி ஒருத்தர் இருக்கிறார், அவர்தான் அசல் என்றார். கடைசியில் கிளம்பும்போது எல்லாரும் வாசலில் நின்று என்னை ஒரு கேள்வி கேட்கிறார்கள்: அப்படியென்றால் எந்த எண்ணெய்தான் வாங்குவது, ராமையாண்ணே?

தெரியாது என்கிறேன். இந்த ஒரு வார்த்தையைப் புலித்தோல் முன்னால் நின்றபோது சொல்லியிருந்தால், தெரிந்தவர்களைத் தேடிப் போயிருப்பேன். ராக்காயிக்கு இன்றைக்குக் காலில் பத்து விரலும் இருந்திருக்கும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பத்து இருக்கிறது அல்லவா? இருக்கும்போதே யோசியுங்கள், ஐயா.